வளையச் சாதனங்களும் ஸ்விட்ச் போர்ட்டும்

பெரிய கணிப்பொறி நிலையங்களில் விவரங்கள் யாவும் கணிப்பொறியின் உள்ளேயே வைக்கப்படுவதில்லை. காந்தத் தட்டுகளையும் காந்த நாடாக்களையும் கொண்ட சாதனங்கள் தனியே நிறுவப்பெற்று, கண்ணாடி இழைகளின் வழியே பல சர்வர்களுடன் இணைக்கப்படுகின்றன. இவ்விணைப்பு முழுவதற்கும் சேமிப்பு வலை என்று பெயர். அதன் மையத்தில் அமைவது ஸ்விட்ச் என்னும் கருவியாகும். கேபிள்களைச் செருகுவதற்காக அதில் வரிசையாக அமைந்துள்ள வாயில்களே போர்ட்டுகள்.

இருபது ஆண்டுகளுக்கு முன் பதிவு செய்யப்பெற்ற நாடா ஒன்றை இன்று படிக்க வேண்டியிருக்கிறது என்று கொள்வோம். நாடா நன்னிலையில் உள்ளது, அதைப் படிக்கும் டிரைவும் ஓடுகிறது, கேபிளிலும் குறையில்லை. ஆயினும் சர்வரின் திரையில் அந்த டிரைவ் தோன்றவில்லை. இத்தகைய நிலைமைக்குப் பெரும்பாலும் காரணமாக இருப்பது ஸ்விட்ச் போர்ட்டின் அமைப்பே. அதனை அறியாதவர், பழுதற்ற சாதனத்தைப் பழுதுற்றதாகக் கருதிக் கழித்துவிடக்கூடும்; நாடாவிலுள்ள மழை அளவுகளோ, நில அளவை விவரங்களோ, தேர்வுப் பதிவுகளோ படிக்கப்படாமலே அழிந்துபோகும். ஆகவே, பழைய சாதனம் எம்முறையில் பேசுகிறது, ஸ்விட்ச் அதற்கு எவ்வாறு செவி சாய்க்க வேண்டும் என்பவற்றைக் களப்பணியாளர் அறிந்திருத்தல் அவசியமாகும்.

வளையம் தோன்றிய காரணம்

இச்சாதனங்களை இணைக்கும் முறைக்கு ஃபைபர் சானல் என்பது பெயர். அதன் அடிப்படை விதிகளை அமெரிக்கத் தேசியத் தர நிர்ணய நிறுவனமாகிய ஆன்சி 1994-ஆம் ஆண்டில் ஏற்றது. சாதனங்களை இணைப்பதற்கு இம்முறையில் மூன்று வழிகள் உண்டு. இரண்டு சாதனங்களை நேருக்கு நேராக இணைப்பது முதலாவது வழி. ஸ்விட்ச்சை நடுவில் வைத்து, ஒவ்வொரு சாதனத்திற்கும் தனிப் பாதை அளிப்பது இரண்டாவது வழி. இவ்வாறு இயங்கும் ஸ்விட்ச்சுகளின் தொகுதி ஃபேப்ரிக் எனப்படும். சாதனங்களை மாலைபோல ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து வளையமாக்குவது மூன்றாவது வழி. இவ்வளையத்திற்குரிய விதிகள் 1996-இல் தனித் தரமாக வெளியாயின.

அக்காலத்தில் ஸ்விட்ச் போர்ட்டின் விலை மிகுதி. ஒரே பெட்டியிலுள்ள பத்துப் பன்னிரண்டு தட்டுகளுக்கும் தனித்தனிப் போர்ட் அளிப்பது கட்டுபடியாகாத காரியம். வளையத்திற்கோ ஸ்விட்ச்சே வேண்டுவதில்லை. ஒன்றன் வெளிவாயிலை அடுத்ததன் உள்வாயிலோடு பொருத்திச் சென்று, கடைசிச் சாதனத்தை முதற்சாதனத்தோடு சேர்த்தால் போதும். இச்சிக்கனத்தின் பயனாக, தட்டுகளும் நாடா டிரைவுகளும் வளைய முறைக்கென்றே பெருமளவில் செய்யப்பட்டன. பின்னர் ஸ்விட்ச்சுகள் மலிந்தன. வளையத்தின் தேவை குறைந்தது. ஆனால் வளைய மொழியை மட்டுமே அறிந்த சாதனங்கள் பல நிலையங்களில் எஞ்சி நின்றன.

வளையத்தில் பேசும் முறை

வளையத்தில் ஒரே சமயத்தில் ஒரு ஜோடிச் சாதனங்களே பேச இயலும். எந்த ஜோடி பேசுவது என்பதை முடிவு செய்ய மேலதிகாரி எவரும் இல்லை; சாதனங்கள் தமக்குள்ளேயே அதனை முடிவு செய்துகொள்கின்றன. இதனை வகுப்பறையில் எளிதாகச் செய்து காட்டலாம்.

மாணவர் எழுவரை வட்டமாக உட்காரவைத்து, ஒவ்வொருவருக்கும் வெவ்வேறு எண்ணைக் கொடுக்க வேண்டும். வெற்றுச் சீட்டு ஒன்று ஒரே திசையில் கைமாறிக்கொண்டிருக்கட்டும். பேச விரும்பும் மாணவர் அதில் தம் எண்ணை எழுதி அடுத்தவரிடம் கொடுப்பார். அடுத்தவருக்கும் பேச விருப்பமிருந்து, சீட்டிலுள்ள எண் தம் எண்ணைவிடப் பெரியதாக இருந்தால், அதை அடித்துவிட்டுத் தம் எண்ணை எழுதலாம். சிறியதாக இருந்தால், மாற்றாமல் அப்படியே கொடுத்துவிட வேண்டும். எவருடைய எண் வட்டத்தைச் சுற்றி அவரிடமே மீள்கிறதோ, அவருக்கே பேசும் உரிமை கிட்டும். அவர் தாம் விரும்பும் ஒருவரை விளித்துப் பேசுவார். இடையிலுள்ளோர் செய்தியைக் கைமாற்றுவதோடு நிற்பர். பேச்சு முடிந்ததும் சீட்டு மறுபடியும் சுற்றத் தொடங்கும்.

இந்த ஏற்பாட்டில் சிறிய எண்ணுடையவரே எப்போதும் வெல்வார் அன்றோ என்று மாணவர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. அதன் பொருட்டு, ஒருமுறை வென்ற சாதனம், காத்திருக்கும் மற்றவை தத்தம் முறையைப் பெறும்வரை மீண்டும் போட்டியிடலாகாது என்னும் நேர்மை விதி வளையத்தில் வகுக்கப்பட்டிருக்கிறது.

வட்டத்திலிருந்து ஒரு மாணவரை எழுந்து போகச் சொன்னால், வளைய முறையின் குறையும் உடனே விளங்கும்: சீட்டு அவ்விடத்தில் நின்றுவிடும், எவருமே பேச இயலாது. இதனைத் தவிர்ப்பதற்காகவே, பழுதுற்ற சாதனத்தை விலக்கிச் சுற்றுவழி அமைக்கும் ஹப் என்னும் கருவி வளையங்களில் சேர்க்கப்பட்டது.

முகவரியும் அதன் எல்லையும்

சீட்டில் எழுதப்படும் எண்ணே வளைய முகவரியாகும். இது 8 பிட் கொண்டது. ஆதலால் 256 முகவரிகள் கிடைக்க வேண்டும் என்று தோன்றும். ஆனால் பயன்படுபவை 127 மட்டுமே. காரணம் யாதெனில், கேபிளில் செல்லும்போது ஒவ்வொரு 8 பிட்டும் 10 பிட்டாக மாற்றி எழுதப்படுகிறது. சில எண்களுக்கு அந்த 10 பிட்டுகளில் ஒன்றுகளும் சுழிகளும் ஐந்தைந்தாகச் சமமாய் அமைகின்றன. மற்றவற்றில் ஏற்றத்தாழ்வு உண்டு. வளையத்தில் ஒரு சாதனம் சீட்டிலுள்ள எண்ணை அடித்து வேறு எண்ணை எழுதும்போது, ஓடிக்கொண்டிருக்கும் இச்சமநிலை மாறலாகாது. எனவே, சமநிலையுடைய எண்களிலிருந்தே 127 முகவரிகள் தேர்ந்தெடுக்கப்பட்டன. அவை 0 முதல் 239 வரை இடைவெளிகளோடு பரவிக் கிடக்கின்றன. அவற்றுள் முதன்மையான 0 என்னும் முகவரி ஸ்விட்ச் போர்ட்டிற்கென்று ஒதுக்கப்பட்டது. எஞ்சிய 126 முகவரிகளும் சாதனங்களுக்கு உரியவை.

ஃபேப்ரிக்கிலோ முகவரி 24 பிட் நீளமுடையது. முதல் 8 பிட் எந்த ஸ்விட்ச் என்பதையும், அடுத்த 8 பிட் பொதுவாக அதில் எந்தப் போர்ட் என்பதையும், கடைசி 8 பிட் அப்போர்ட்டின் பின்னுள்ள சாதனத்தையும் காட்டும். போர்ட்டின் பின்னால் வளையம் இருப்பின், கடைசி 8 பிட்டில் வளைய முகவரியே இடம்பெறும். இரு முறைகளும் பொருந்தும் இடம் இதுவே.

பொதுச் சாதனமும் தனிச் சாதனமும்

வளையச் சாதனங்களில் இரு வகை உண்டு. வளையத்தில் சேர்ந்ததும், 0 என்னும் முகவரியில் ஸ்விட்ச் இருப்பதை அறிந்து, அதனிடம் தன்னைப் பதிவு செய்துகொண்டு, 24 பிட் முகவரியைக் கேட்டுப் பெறுவது பொதுச் சாதனம். ஸ்விட்ச் என்ற ஒன்று உண்டு என்பதையே அறியாமல், தன் 8 பிட் முகவரியோடு அமைந்துவிடுவது தனிச் சாதனம். இதன் 24 பிட் முகவரியில் முதல் 16 பிட்டும் சுழியாகவே இருக்கும்.

கடிதத்தின் மேல் வீட்டு எண்ணை மட்டும் எழுதி, தெருவையும் ஊரையும் எழுதாமல் விட்டால், அத்தெருவுக்குள் கையில் கொண்டு கொடுக்கலாமேயன்றி, அஞ்சலில் சேர்க்க இயலாது. தனிச் சாதனத்தின் நிலை அத்தகையதே. தன் வளையத்திற்குள் அது நன்கு பேசும்; வளையத்திற்கு வெளியேயுள்ள சர்வரோடு பேச அதற்கு வழியில்லை. போர்ட்டை அமைக்கத் தொடங்குமுன், கையிலுள்ள சாதனம் இவ்விரண்டில் எவ்வகையினது என்பதை நிச்சயித்துக்கொள்வதே முதற்கடமையாகும்.

போர்ட்டின் வகைகள்

ஸ்விட்ச் போர்ட் ஒன்றே ஆயினும், எதிரேயுள்ளது யாது என்பதைப் பொறுத்து அதன் பெயரும் நடத்தையும் மாறுகின்றன. எதிரே தனி இணைப்பில் ஒரு சாதனம் இருந்தால் அது எஃப். போர்ட். எதிரே மற்றொரு ஸ்விட்ச் இருந்தால் ஈ. போர்ட். எதிரே வளையம் இருந்தால் எஃப்.எல். போர்ட். ஈ., எஃப். ஆகிய இரண்டில் ஒன்றாக ஆகக் காத்திருப்பது ஜி. போர்ட். சில ஸ்விட்ச்சுகளில் எஃப்., எஃப்.எல். ஆகிய இரண்டில் ஒன்றாக மட்டும் ஆகக்கூடிய எஃப்.எக்ஸ். என்னும் அமைப்பும் உண்டு.

தானே தீர்மானிக்குமாறு விடப்பட்ட போர்ட், பல ஸ்விட்ச்சுகளில், முதலில் வளைய முறையைச் சோதித்துப் பார்க்கிறது. இணைப்பு உயிர்பெற்றதும், வளையத்தைத் தொடங்கும் லிப் என்னும் குறியை அது அனுப்புகிறது. எதிரிலிருந்தும் லிப் வருமாயின், அங்கே வளையம் உள்ளது என்பது தெளிவாகிறது. உடனே வளையத்தின் தலைமை தேர்ந்தெடுக்கப்படுகிறது. ஸ்விட்ச் போர்ட் இருக்கும் வளையத்தில் அத்தலைமை அதற்கே சேரும். பிறகு முகவரிகளைக் குறிக்கும் பட்டியல் ஒன்று நான்கு முறை வளையத்தைச் சுற்றுகிறது. முதற்சுற்றில், ஸ்விட்ச்சினால் முன்னர் முகவரி அளிக்கப்பெற்றவையும், இரண்டாவதில், முன்பு தாமே முகவரி பெற்றிருந்தவையும், மூன்றாவதில், சாதனத்திலேயே நிலையான முகவரி அமைக்கப்பெற்றவையும் தத்தம் இடங்களைக் குறித்துக்கொள்கின்றன. எஞ்சியவை நான்காம் சுற்றில், மீதமிருக்கும் இடங்களில் ஒன்றைப் பெறுகின்றன. லிப் குறிக்கு மறுமொழி வராவிடில், போர்ட் வளைய முயற்சியைக் கைவிட்டுத் தனி இணைப்பு முறைக்கு மாறுகிறது.

திரையில் டிரைவ் தோன்றாமைக்கு உரிய காரணம் இப்போது விளங்கும். போர்ட்டை முன்பு ஒருவர் எஃப். அல்லது ஜி. என்று பூட்டிவைத்திருப்பின், அது லிப் குறிக்கு மறுமொழி கூறாது. வளையச் சாதனம் இடைவிடாது அழைத்துக்கொண்டிருக்கும். போர்ட் அதனைக் கேளாது. இரண்டிலும் பழுதில்லை, இரண்டும் ஒரே மொழியில் பேசவில்லை என்பதே குறை.

போர்ட்டை அமைக்கும் ஒழுங்கு

கீழ்க்காணும் வரிசையில் வேலையைச் செய்தால் தவறு நேர்வது அரிது.

முதலாவதாக, சாதனத்தின் அமைப்பைப் பார்க்க வேண்டும். நாடா நூலகங்கள் பலவற்றின் முன்பலகையில், வளையம், தனி இணைப்பு, தானே தீர்மானித்தல் ஆகியவற்றுள் ஒன்றைத் தெரிந்தெடுக்கும் வசதி உண்டு. தனி இணைப்பில் இயங்க வல்லதாயின் அதையே தெரிந்தெடுப்பது மேல். வளையம் வேறு வழியில்லாத சாதனங்களுக்கு மட்டுமே உரியது.

இரண்டாவதாக, வேகத்தைப் பொருத்த வேண்டும். பழைய சாதனங்கள் வினாடிக்கு 1 அல்லது 2 கிகாபிட் வேகமுடையவை. ஸ்விட்ச்சில் செருகப்படும் ஒளி மாற்றுத் துண்டு பொதுவாகத் தன் வேகத்தையும், அதற்குக் கீழுள்ள இரண்டு வேகங்களையுமே அறியும். 4 கிகாபிட் துண்டு 4, 2, 1 ஆகியவற்றிலும், 8 கிகாபிட் துண்டு 8, 4, 2 ஆகியவற்றிலும், 16 கிகாபிட் துண்டு 16, 8, 4 ஆகியவற்றிலும் இயங்கும். ஆகவே 1 கிகாபிட் சாதனத்தை 8 கிகாபிட் துண்டுடன் இணைப்பது வீண் முயற்சி. பொருத்தமான துண்டைச் செருகிய பின்னர், வேகத்தைத் தானே தீர்மானிக்க விடாமல் நிலையாக அமைத்துவிடுதல் நலம்.

மூன்றாவதாக, போர்ட்டை வளைய முறையில் பூட்ட வேண்டும். சிஸ்கோ எம்.டி.எஸ். வகை ஸ்விட்ச்சுகளில் போர்ட்டின் முறையை எஃப்.எல். என்று குறித்தலும், புரோகேட் ஸ்விட்ச்சுகளில் எல். போர்ட் எனப் பூட்டுதலும் இதற்குரிய வழிகள். தானே தீர்மானிக்க விட்டாலும் பெரும்பாலும் வேலை நடக்கும். ஆயினும் மின்சாரம் நின்று மீண்டும் வரும்போது சாதனம் தாமதமாக எழுந்தால், போர்ட் வேறு முடிவுக்கு வர இடமுண்டு. பூட்டிய போர்ட்டில் அந்த ஐயம் இல்லை.

நான்காவதாக, சாதனத்தில் நிலையான வளைய முகவரியை அமைத்தல் வேண்டும். முகவரி மாறினால் சில பழைய இயங்குமுறைகள் சாதனத்தை அடையாளம் காணமாட்டா. எடுத்துக்காட்டாக, எச்.பி.-யு.எக்ஸ். இயங்குமுறையின் பழைய பதிப்புகளில், சாதனத்தின் பாதைப்பெயர் அந்த 24 பிட் முகவரியிலிருந்தே அமைக்கப்படுகிறது. அங்கே கேபிளை ஒரு போர்ட்டிலிருந்து மற்றொன்றிற்கு மாற்றினாலே பாதைப்பெயர் மாறிவிடும்.

ஐந்தாவதாக, அச்சாதனத்தையும் அதனைப் பயன்படுத்தும் சர்வரையும் மட்டும் கொண்ட ஸோன் ஒன்றை வகுக்க வேண்டும். பிற சர்வர்கள் தொடங்கும்போதும் நிற்கும்போதும் எழும் அறிவிப்புகள் இச்சாதனத்தின் வேலையைக் கலைக்காமல் ஸோன் காக்கிறது.

இறுதியாக, முடிவைச் சரிபார்க்க வேண்டும். ஸ்விட்ச்சின் பெயர்ப் பட்டியலில் சாதனம் என்.எல். வகையாகப் பதிவாகியிருக்கிறதா என்று காண வேண்டும். முகவரியின் கடைசிப் பகுதியும் நல்ல சான்றாகும். தனி இணைப்பில் உள்ள ஒற்றைச் சாதனத்திற்கு அது வழக்கமாகச் சுழியாக இருக்கும். வளையச் சாதனத்திற்குச் சுழியல்லாத எண் இருக்கும்.

தனிச் சாதனங்களுக்கு வகுக்கப்பட்ட வழி

மேற்கூறிய ஒழுங்கு பொதுச் சாதனத்திற்குப் போதுமானது. தனிச் சாதனத்திற்கு அது போதாது; ஸ்விட்ச்சே அதன் சார்பில் பேச வேண்டும். சிஸ்கோ எம்.டி.எஸ். வரிசையின் தொடக்க கால அட்டைகளில் இதற்கென டி.எல். என்னும் மொழிபெயர்ப்புப் போர்ட் இருந்தது. ஃபேப்ரிக்கிலுள்ள சர்வருக்கு அது வளையத்தினுள் ஓர் 8 பிட் முகவரியைக் கற்பித்துக் கொடுத்து, இரு பக்கத்துப் பொதிகளிலும் முகவரியை மாற்றி எழுதி அனுப்பும். இவ்வகைப் போர்ட் தானாக அமைவதில்லை. பணியாளரே குறிப்பிட்டு அமைக்க வேண்டும். புரோகேட் நிறுவனத்தின் பழைய சில்க்வோர்ம் ஸ்விட்ச்சுகளில் குயிக்லூப் என்னும் வேறொரு வழி இருந்தது. ஒரு ஸ்விட்ச்சின் போர்ட்டுகளையோ, இரண்டு ஸ்விட்ச்சுகளின் போர்ட்டுகளையோ ஒரே வளையம்போல் நடக்கச் செய்து, சர்வரையும் சாதனத்தையும் ஒரே தெருவில் குடியேற்றுவது அதன் உத்தி. இவ்விரண்டும் பிற்கால மாதிரிகளில் கைவிடப்பட்டன. ஆகையால் தனிச் சாதனம் உள்ள நிலையத்தில், அதனோடு பொருந்தும் பழைய ஸ்விட்ச்சையும் சேர்த்துக் காப்பாற்றுவது இன்றியமையாதது.

கவனிக்கத் தக்கவை

வளையத்தில் எந்தச் சாதனம் சேர்ந்தாலும், விலகினாலும், தடுமாறினாலும் லிப் குறி எழுகிறது. அப்போது நடந்துகொண்டிருக்கும் பேச்சுகள் யாவும் நின்று, முகவரிச் சுற்றுகள் மீண்டும் நடைபெறுகின்றன. காந்தத் தட்டுக்கு இதனால் பெருந்தீங்கில்லை. விட்ட கட்டளையைச் சர்வர் மறுபடி அனுப்பும். தட்டின் எப்பகுதியையும் எப்போதும் அணுகலாம். நாடாவின் இயல்பு அவ்வாறன்று. அது வரிசையாக ஓடுவது. கட்டளை நிறைவேறியபின் மறுமொழி மட்டும் தொலைந்துவிட்டால், நாடா ஓர் இடம் முன்னே சென்றிருக்க, சர்வர் அதனை அறியாதிருக்கும். அதே கட்டளையை மீண்டும் அனுப்பினால், ஒரு பகுதி இருமுறை எழுதப்படலாம், அல்லது படிக்காமல் தாண்டப்படலாம். ஆகவே நாடா வேலையில் இடையூறு கண்டதும், பல காப்பு நிரல்கள் வேலையை அடியோடு நிறுத்திவிடுகின்றன.

இதிலிருந்து பெறப்படும் விதிகள் இரண்டு. நாடா டிரைவுகளைத் தட்டுகளோடு ஒரே வளையத்தில் சேர்க்கலாகாது; இயன்றவரை ஒரு போர்ட்டிற்கு ஒரு டிரைவ் என்று அமைக்க வேண்டும். நாடா ஓடிக்கொண்டிருக்கும்போது அவ்வளையத்தில் கேபிள் எதனையும் செருகுவதோ பிடுங்குவதோ கூடாது. லிப் அடிக்கடி எழுமாயின், இணைப்பு முனையில் தூசி, தளர்ந்த ஒளித் துண்டு, தடுமாறும் சாதனம் ஆகியவற்றை ஒவ்வொன்றாகச் சோதிக்க வேண்டும்.

எஞ்சியுள்ள காலம்

ஃபைபர் சானலில் 8 கிகாபிட் வரையுள்ள வேகங்கள் மேற்கூறிய 8-க்கு 10 என்னும் எழுத்து முறையைக் கையாண்டன. 16 கிகாபிட் தலைமுறையில் 64 பிட்டை 66 பிட்டாக எழுதும் முறை புகுந்தது. வளையத்தின் குறிகளும் முகவரிகளும் பழைய எழுத்து முறையின்மேல் எழுந்தவை. ஆகவே வளையம் 16 கிகாபிட் வேகத்திற்குக் கொண்டுசெல்லப்படவில்லை. அத்தலைமுறை ஸ்விட்ச்சுகளில் எஃப்.எல். போர்ட்டைத் தேடுவதில் பயனில்லை.

நாடாக்களின் பக்கத்திலும் எல்லை உண்டு. 100 கிகாபைட் கொள்ளளவுடைய எல்.டி.ஓ. முதல் தலைமுறை நாடா 2000-இல் வெளிவந்தது. ஏழாம் தலைமுறை வரையிலான எல்.டி.ஓ. டிரைவுகள், தம் தலைமுறை நாடாவையும் அதற்கு முந்திய இரண்டு தலைமுறை நாடாக்களையும் படிக்கும். அதன்படி முதல் தலைமுறை நாடாவை மூன்றாம் தலைமுறை வரையுள்ள டிரைவுகளே படிக்க வல்லன. 2 கிகாபிட் வேகமுடைய அத்தகைய டிரைவ் 16 கிகாபிட் ஒளித் துண்டோடு இணையாது என்பது மேலே கூறியவற்றால் விளங்கும். நாடா, டிரைவ், ஒளித் துண்டு, ஸ்விட்ச் ஆகிய நான்கும் சங்கிலியின் கண்ணிகள் போன்றவை. ஒன்று அற்றால் மற்றவற்றால் பயனில்லை.

ஆதலின், பழைய நாடாக்களை வைத்துள்ள அலுவலகங்கள், 4 அல்லது 8 கிகாபிட் ஸ்விட்ச் ஒன்றை அதற்குரிய ஒளித் துண்டுகளோடு ஒதுக்கி வைக்க வேண்டும். போர்ட்டின் முறை, வேகம், வளைய முகவரி, ஸோன் ஆகிய நான்கையும் பதிவேட்டில் எழுதி, சாதனத்தின் மேலும் சீட்டாக ஒட்டிவைத்தல் நன்று. எனினும் இவை தற்காலிக ஏற்பாடுகளே. சங்கிலி முழுமையாக இருக்கும்போதே நாடாக்களைப் படித்து, விவரங்களைப் புதிய சாதனங்களில் பிரதி செய்துவிடுவதுதான் நிலையான பாதுகாப்பு. அவ்வேலை முடியும் நாள்வரை, வளைய முறையில் சரியாக அமைக்கப்பெற்ற ஒரு போர்ட், அவ்விவரங்கள் வெளிவருவதற்குரிய ஒரே வாயிலாக இருக்கும்.